விழுங்கிய செல்லையே கொல்லும் கல்தூசு

கல்பட்டறையில் கண்ணை உறுத்தும் தூசைவிட, கண்ணுக்கே தெரியாத தூசுதான் ஆளைச் சாய்க்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையுமே பிடித்துவிடும். அதற்கும் சிறியவை மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டிக்கொள்ள, அங்குள்ள நுண்மயிர்கள் அந்தச் சளியை மேலே தள்ளிவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்தவையோ காற்றுப்பைகள் வரை இறங்கிவிடுகின்றன. அங்கே நுண்மயிர் கிடையாது. மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள்தான் காவல்.

இந்தச் செல் காற்றுப்பையின் சுவரில் ஊர்ந்துபோய்த் துகளைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்து ஒரு பையில் அடைக்கும். பையில் அமிலமும் நொதிகளும் சேரும். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. கல்தூசிலுள்ள சிலிகா படிகம் கரைவதில்லை; பையையே கிழித்துவிடுகிறது. கசிந்த நொதிகள் செல்லைத் தாக்க, என்எல்ஆர்பி3 என்ற புரதம் அபாய அறிவிப்பை எழுப்ப, அழற்சி தொடங்குகிறது. செல் செத்துப்போகும். படிகம் அப்படியே வெளியே வந்து விழும். அதை இன்னொரு செல் விழுங்கும். அதற்கும் அதே கதிதான். இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்து, நுரையீரலில் தழும்பு முடிச்சுகள் இறுகுவதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது முற்றக்கூடும். குணப்படுத்த மருந்து இல்லை.

கடற்கரை மணலும் பெரும்பாலும் சிலிகாதானே என்று கேட்கலாம். அது பருமணல், தேய்ந்து மழுங்கியது. கல்லை அறுக்கும்போது புதிதாக உடைந்த படிகத்தின் முகங்களுக்கு வீரியம் அதிகம்.

காசநோய்க் கிருமியை எதிர்கொள்வதும் இதே விழுங்கு செல்கள்தான். அவை நலிந்துபோவதால் சிலிகோசிஸ் உள்ளவர்களைக் காசம் எளிதில் பற்றுகிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், நம் நாட்டில் காசமே இல்லாத கல் தொழிலாளிகளும் காச மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பதுண்டு. மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைத்தான்.

கிரானைட்டில் சிலிகா படிகம் ஏறக்குறைய 30 சதவீதம். சமையல் மேடைக்கு இப்போது விரும்பி வாங்கப்படும் செயற்கை குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்தையும் தாண்டும். அவற்றை அறுத்த இளம் தொழிலாளிகள் பலர் நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளுக்குத் தடை விதித்தது.

தண்ணீர் பாய்ச்சும் மெஷினில் அறுத்தால் தூசின் பெரும்பகுதி எழும்பாமல் சேறாகிவிடும். நம் வீடுகளிலோ மேடைக்கல்லை உலரவே அறுக்கிறார்கள், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. துண்டின் இழைச்சந்துகளில் இந்தத் துகள்கள் தாராளமாகப் புகும். வீடு கட்டுகிறவர்கள் அளவு கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர்விட்டு அறுத்துவரச் சொல்லலாம்.