ஓர் ஊரைத் துருவிக் காணும் ஆராய்ச்சி



கணினியும் கைப்பேசியும் ஊருக்குள் வந்துவிட்டன. அவற்றால் விளைந்த பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண இரு வழிகள் உள. ஆயிரம் பேரிடம் பத்து வினாக்களைக் கேட்டுத் தொகை கூட்டுவது ஒன்று. ஓரிடத்தை அதன் சூழலோடு துருவிப் பார்ப்பது மற்றொன்று. எத்தனை பேர் என்பதை முன்னது கூறும். எவ்வாறு, ஏன் என்பவற்றைப் பின்னதே விளக்கும். இதனைத் தனிநிகழ்வு ஆய்வு என்பர்.

இது நமக்குப் புதிதன்று. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராயச் செய்தார். அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம் அவற்றுள் ஒன்று. தகவல் முறைமைத் துறையில் இவ்வழியின் இலக்கணத்தை 1987-இல் பென்பசாத் முதலிய மூவர் ஒரு கட்டுரையில் வகுத்துரைத்தனர்.

நாகநாதர் கோயில் கொண்ட நயினார்கோவில் வட்டாரம் கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழ்வது. நெல்லும் மிளகாயும் அங்கே விளைகின்றன. 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட ‘உழவன்’ செயலி சந்தை விலையைத் தெரிவிக்கிறது. விலையறிந்த உழவர் நல்ல விலைக்கு விற்பார் என்றெண்ணி, வினாத்தாளுடன் அங்கே சென்றேன். “விலை தெரிகிறதா?” என்று பெரியவர் ஒருவரை வினவினேன். “தெரியுது தம்பி” என்றார். ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை சென்றபோது அவர் களத்தில் மிளகாயை உலர்த்திக்கொண்டிருந்தார். வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு அருகில் அமர்ந்தேன். சிறிது நேரம் சென்றபின் அவரே சொன்னார்: “விலை தெரிஞ்சு என்ன தம்பி செய்ய? விதைக்கும்போதே முன்பணம் வாங்கியாச்சு. குடுத்தவருக்குத்தான் மூட்டை போகும்.”

நான் எழுதிய ‘ஆம்’ பொய்யன்று. ஆயினும் அது உண்மையை மறைத்துவிட்டது.

ஒருவர் வாய்ச்சொல்லோடு ஆய்வாளன் நின்றுவிடலாகாது. வியாபாரியைக் கண்டேன். “மழை பொய்த்த வருஷத்தில் வேறு யார் பணம் கொடுக்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். அதிலும் நியாயம் உண்டு. எடை போடுமிடத்தில் நின்று பார்த்தேன். கணக்கு நோட்டையும் ஒப்பிட்டேன். பின்னர் என் கருத்தைப் பொய்யாக்கக் கூடியவரைத் தேடினேன். கடன்படாத அம்மையார் ஒருவர் கிடைத்தார். அவரோ விலையைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்து விற்றிருந்தார். செயலி ஒன்றே, பயன் வேறு.

ஓர் ஊரைக் கண்டு நாட்டைப் பற்றிச் சொல்லலாமா எனக் கேட்பீர்கள். உழவருள் இத்தனை பேர் கடன்பட்டவர் என்று சொல்ல இயலாது. ஆனால், தகவல் பயன்பட வேண்டுமாயின், அதன்படி நடக்கும் உரிமையும் வேண்டும் என்னும் கருத்தைச் சொல்லலாம். அதனைப் பிற இடங்களிலும் சோதிக்கலாம். கைப்பேசி வந்தபின் கேரளக் கரையில் மீன் விலை வேறுபாடு குறைந்ததென்று 2007-இல் ராபர்ட் ஜென்சன் காட்டினார். அங்கே விலை கேட்டுப் படகை வேறு கரைக்குத் திருப்ப இயன்றது. நம் பெரியவர் மூட்டையைத் திருப்ப இயலவில்லை.

இன்னும் ஒன்று. அவர் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. எழுதினால் அடுத்த விதைப்புக்கு முன்பணம் கிடைக்காமற் போகலாம். நம்பிச் சொன்னவருக்குத் தீங்கு நேராமற் காப்பது ஆய்வாளன் கடமை.

அன்று களத்தில் அமராது திரும்பியிருப்பேனாயின், ‘செயலி வெற்றி’ என்று எழுதி முடித்திருப்பேன். அதைப் படிப்பவர்கள் அவருக்குக் கடனுதவி வேண்டும் என்பதை அறியாமலே இருந்திருப்பர்.