மீன் தொட்டியில் நீரோட்டம்

திருப்பதியில், திருமலை அடிவாரத்திலுள்ள கபில தீர்த்தத்தில் மழைக்கால அருவி நேரே குளத்தில் விழுகிறது. விழும் நீர் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கரைத்துக்கொள்வதுடன் குளத்து நீரையும் அசைக்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் வைக்கப்பெறும் கண்ணாடி மீன் தொட்டிகளுக்கு இவ்வியற்கை உதவி இல்லை. அவ்வசைவை நாமே உண்டாக்குதல் வேண்டும்.

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நிறமற்ற இந்நஞ்சு தெளிந்த நீரிலும் இருக்கக்கூடும். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இப்பணிக்குப் பிராணவாயு இன்றியமையாதது. நீர் தேங்கும் மூலைகளிலோ கழிவு படிந்து அழுகும்.

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். மணிக்கு அதன் நான்கு மடங்கு, அதாவது 216 லிட்டர், வடிகட்டி வழியே செல்வது பொதுவாகப் போதுமானது. நீர் வெளிவரும் குழாய் ஒரு கோடியில் மேற்பரப்பை ஒட்டியும், உறிஞ்சும் வாய் எதிர்க் கோடியில் அடிப்பகுதியை ஒட்டியும் இருத்தல் நன்று. பொடித்த இரையை ஒரு சிட்டிகை தூவி, அது எங்கே தங்குகிறதென்று மாணவர்களைக் கவனிக்கச் செய்தால் தேக்கமுள்ள இடம் புலனாகும்.

வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவலாகாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. நீரோட்டத்தால் நைட்ரேட்டு நீங்குவதில்லை. ஆகவே வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய புதுநீரால் மாற்றுதல் அவசியம்.