அரிசி போட்டால் அது பியரா?

ஜேர்மன்காரர் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பகிடி சொல்வார்கள்: "பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது." 1994இல் இணையத்தில் தொடங்கிய பகிடி. 2019இல் நகரசபையே, ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் யூரோ தருவதாக அறிவித்தது. ஒருவராலும் முடியவில்லை. அந்த இல்லாத ஊரில், போன ஜனவரியில், என்னுடைய குசினியில் ஒரு வெளிர்நிற லாகர் காய்ச்சினேன். மேல்வீட்டு ஜேர்மன் ஐயா ருசி பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனால் இது பியர் இல்லை" என்று சிரித்தார்.

காரணம், அதற்குள் அரைக் கிலோ பச்சையரிசி இருந்தது.

1516இல் வந்த சட்டம்

1516 ஏப்ரல் 23. இங்கோல்ஸ்டட் நகரில் பவேரியாவின் பிரபுக்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் ஒரு கட்டளை போட்டார்கள்: பியருக்குப் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் மட்டும்தான். ஈஸ்ட் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, அப்போது அது என்னவென்றே தெரியாது. 1906இல் இந்த விதி ஜேர்மனி முழுவதற்கும் வந்தது. இன்றைக்கும் ஜேர்மனியில் விற்பனைக்குக் காய்ச்சும் லாகருக்குப் பார்லி மோல்ட் தவிர வேறு தானியம் போட முடியாது.

ஆனால் 1987 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேறு நாட்டில் சட்டப்படி காய்ச்சிய பியரை, அதில் அரிசியோ சோளமோ இருக்கிறது என்பதற்காக ஜேர்மனி தடுக்கக்கூடாது. ஆகவே வெளியிலிருந்து வருவது அரிசியோடு வந்தாலும் பியர். இங்கேயே பிறந்தது அரிசியோடு இருந்தால் பியர் இல்லை. இதை வாசித்தபோது எனக்கு என் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கேட்கிற "உண்மையில் நீ எந்த நாடு?" என்ற கேள்விதான் ஞாபகம் வந்தது.

அரிசி போட்டதும் முதலில் நாங்கள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன ஜேர்மன்காரர், ஊரில் குடித்த வெளிர் லாகரை அங்கே காய்ச்சப் பார்த்தார்கள். அங்கத்தைய பார்லியில் புரதம் கூட. பியர் கலங்கியது. சோளமும் அரிசியும் கலந்தபோது தெளிந்தது. அதாவது புலம்பெயர்ந்தவர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஊர்ச் சுவையைத் தேடினார்கள். எங்கள் அம்மாமார் செய்ததும் அதுதானே?

அம்மாவின் அப்பமும் ஒரு பக்கெற்றும்

யாழ்ப்பாணத்தில் அப்பத்துக்கு மா புளிக்கக் கள்ளு விடுவார்கள். பீலெஃபெல்டில் கள்ளுக்கு எங்கே போவது? அம்மா கடையில் காய்ந்த ஈஸ்ட் பக்கெற் வாங்கினார். எங்கள் ஊருக்கு இது பொருத்தம்தான். 1891இல் இங்கே ஒரு மருந்துக்கடையை எடுத்த ஆகுஸ்ட் ஓட்கர், ஒரு இறாத்தல் மாவுக்கு அளவான பேக்கிங் பவுடரைச் சின்னப் பக்கெற்றில் அடைத்து விற்றுத்தான் பெரிய ஆளானார். அதுவும் ஈஸ்ட்டுக்கு ஒரு மாற்றுத்தான். அம்மாவின் அப்பத்தை இன்றுவரை ஒருவரும் "இது அப்பம் இல்லை" என்று சொன்னதில்லை.

ஆனால் பியர் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "குசினிக்குள்ள அதைக் காய்ச்சாத." அவ்வளவுதான் சொன்னார்.

முதல் தடவை பிழைத்தது

மோல்ட் என்றால் ஏதோ மாயம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் குரக்கனை முளைகட்டிக் காயவைத்து மா அரைப்போமே, அதே வேலையைப் பார்லிக்குச் செய்தால் மோல்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதியங்கள், சுடுதண்ணீரில் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுசாரமும் வாயுவும் ஆக்கும்.

நான் கணக்குப் பிழைத்து மோல்ட் குறைவாக வாங்கிவிட்டேன். மிச்சத்துக்கு அரிசியை உடைத்துப் பச்சையாகவே போட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு துளி எடுத்து அயடின் விட்டேன், கறுத்த நீலம். மாச்சத்து அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் செய்தது தண்ணீராய்ப் போனது.

வாசலில் நின்று பார்த்த அம்மா சொன்னார்: "அரிசியை அவிக்காமல் எப்படியடா கரையும்? முதல்ல கஞ்சி வை." பிறகு உடனே, "நான் சொன்னது கஞ்சிக்கு. உன்ர பியருக்கு இல்லை."

அவர் சொன்னது சரி. பார்லியின் மாச்சத்து 63 பாகையளவில் இளகும். அரிசிக்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். முதலில் கஞ்சியாக்கினால்தான் நொதியம் வேலை செய்யும்.

சரிவந்த அளவு (10 லீற்றருக்கு)

பில்ஸ்னர் மோல்ட் 1.6 கிலோ, உடைத்தது. பச்சையரிசி 500 கிராம். 4 வீத அல்பா அமிலம் உள்ள ஹலர்ட்டாவ் ஹொப்ஸ் 20 கிராம். லாகர் ஈஸ்ட் ஒரு பக்கெற்.

அரிசியை 3 லீற்றர் தண்ணீரில் நல்ல கஞ்சியாக வையுங்கள். வேறு பானையில் 6 லீற்றர் தண்ணீரில் மோல்ட்டைப் போட்டு 52 பாகையில் வைத்திருங்கள். சுடுகஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்தால் சூடு 63க்குப் பக்கத்தில் வரும். அங்கே 45 நிமிடம், பிறகு 72 பாகையில் 30 நிமிடம். அயடின் நிறம் மாறாவிட்டால் சரி. வடித்து, 78 பாகைத் தண்ணீர் 6 லீற்றரால் சக்கையை அலசி, வடித்ததை மூடாமல் 90 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடினால் அவித்த சோளம் மாதிரி ஒரு மணம் தங்கிவிடும். தொடக்கத்தில் 15 கிராம் ஹொப்ஸ், கடைசிப் பத்து நிமிடத்தில் 5 கிராம்.

பிறகு விரைவாக ஆறவிட்டு, கிருமி நீக்கிய வாளியில் ஈஸ்ட் போடுங்கள். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 12 பாகை வேண்டும். ஜனவரியில் எங்கள் கெல்லர் அப்படித்தான் இருக்கும். குளிரிடம் இல்லாதவர்கள் கோல்ஷ் ஈஸ்ட் போட்டு 16 பாகையளவில் புளிக்க விடலாம், சுவை கிட்டத்தட்ட வரும். இரண்டு மூன்று கிழமையில் அடர்த்தி மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நின்றால் மட்டும் போத்தலில் அடையுங்கள், லீற்றருக்கு 7 கிராம் சீனி. அவசரப்பட்டால் போத்தல் வெடிக்கும். பத்து நாள் வீட்டுச் சூட்டில், பிறகு ஒரு மாதம் பிரிஜ்ஜில். லாகர் என்ற பெயரே "கிடப்பில் வை" என்ற ஜேர்மன் சொல்லில் இருந்து வந்ததுதான்.

2024இல் இருந்து வீட்டில் காய்ச்சுபவருக்கு வருடத்துக்கு 500 லீற்றர் வரை வரி இல்லை. விற்கக்கூடாது. தொடங்க முன்னர் சுங்க அலுவலகத்தின் விதிகளை ஒருமுறை பாருங்கள்.

கராஜில் குடிப்பது

அந்த ஒரு மாதத்தில்தான் என் பதினொரு வயது மகள் கேட்டாள்: "நீங்கள் குசினியில் செய்யிறீங்கள். அப்பப்பா மட்டும் ஏன் கராஜுக்குள்ள போய்க் குடிக்கிறார்?"

எங்கள் கொண்டாட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் கார் டிக்கியைச் சுற்றி நிற்பார்கள், பெண்கள் தெரியாததுபோல் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். குடியைப் பற்றி என் வீட்டில் ஒருவரும் என்னோடு கதைத்ததில்லை.

நான் பதில் தேடுவதற்குள் அம்மா சொன்னார். தன் மூத்த அண்ணன் தவறணையில் தொடங்கிக் கசிப்பில் முடிந்ததை. நாற்பது வயதில் செத்ததை. அந்தச் செத்தவீட்டில் எல்லோரும் "காய்ச்சல்" என்று சொன்னதை. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். மாமா காய்ச்சலில் போனார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மகளுக்கு இன்னும் ஐந்து வருடத்தில் பதினாறு. இந்த நாட்டில் அந்த வயதில் கடையில் பியர் வாங்கலாம். மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதையும், மாமாவின் கதையையும், இது எப்படி உண்டாகிறது என்பதையும் அவள் வீட்டிலேயே கேட்டுவிட்டாள். எனக்கு அது போதும்.

மார்ச்சில் போத்தல் திறந்தோம். அப்பா முதல்முறையாக அம்மாவுக்கு முன்னால், மேசையில் இருந்து, ஒரு கிளாஸ் குடித்தார். இரண்டாவது கேட்கவில்லை. அம்மா பியரைத் தொடவில்லை. ஆனால் காய்ச்சின அன்றைக்கு வடித்த மோல்ட் சக்கையில் கொஞ்சத்தை எடுத்து பிரீசரில் வைத்திருக்கிறார். அதைக் கோதுமை மாவோடு குழைத்துத் தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டி சுட்டார். மேல்வீட்டு ஐயாவுக்கும் இரண்டு கொடுத்துவிட்டோம். அதை ரொட்டி இல்லை என்று அவர் சொல்லவில்லை.