நெடுநாள் உறங்கிய செற்றை எழுப்புவது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலின் பழைய கல்வீடுகள் சிலவற்றில் பூவேலைத் துணி போர்த்திய கனத்த பெட்டியொன்று இன்னும் இருக்கிறது. துணியை விலக்கினால் அலுமினிய முகப்பும் நீண்ட கண்ணாடி அளவுகோலும் பெரிய திருகிகளும் தெரியும். பெயர் சன்சுயியாகவோ பயனியராகவோ ரெக்னிக்ஸாகவோ இருக்கும். 1977 இல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களும் விடுமுறையில் வரும்போது இவற்றைக் கையோடு கொண்டுவந்தார்கள். யப்பானிய ஸ்ரீரியோ றிசீவர்கள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

றிசீவர் என்பது மூன்று கருவிகள் ஒரே பெட்டியில் குடியிருப்பது. வானொலி அலையைப் பிடிக்கும் பகுதி ஒன்று. றேடியோவா, கசெற்றா, இசைத்தட்டா என்று தெரிந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பகுதி இரண்டாவது. ஸ்பீக்கரை இயக்கும் வலுப் பெருக்கி மூன்றாவது. மூன்றுக்கும் சோறு போடுவது ஒரே மின்வழங்கி: நிலைமாற்றி, இருவாயிகள், இரண்டு பருத்த கொள்ளளவிகள்.

இந்தச் செற்றுகளில் பல, ஓடி ஓடித் தேய்ந்து பழுதானவை அல்ல. ஓடாமல் கிடந்து பழுதானவை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பற்றரியும் அரசின் தடைப்பட்டியலில் இருந்தது. சனம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோ மின்னில் செய்தி கேட்டது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று, அதுவும் ஆடலோட்டம். இருவாயியும் கொள்ளளவியும் சேர்த்து நேரோட்டமாக்கினால் நான்கு பற்றரி போடும் சின்ன றேடியோவுக்கு அது போதும். பாடாமல் சும்மா இருக்கும்போதே பல பத்து வாற்று இழுக்கும் றிசீவருக்கு அது எந்த மூலைக்கு? 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது பூட்டிய வீடுகளில் தனித்துக் கிடந்த செற்றுகளும் உண்டு.

கிடந்தால் என்ன கெடும்?

முதலில் கெடுவது மின்வழங்கியில் இருக்கும் மின்பகு கொள்ளளவி. அதற்குள் இரண்டு அலுமினியத் தாள்களும் மின்பகு திரவத்தில் தோய்ந்த கடதாசியும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நேர்த் தாளின் மேல் படிந்த அலுமினியம் ஒட்சைட்டுப் படைதான் காவலி. ஒரு வோல்ற்றுக்கு ஏறக்குறைய 1.4 நனோமீற்றர் என்ற கணக்கில், 50 வோல்ற் தாங்கும் படையின் தடிப்பு 70 நனோமீற்றர் அளவே. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின் பாயும் காலத்தில் இந்தப் படை தன் சிறு காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் மின் இல்லாவிட்டால் அது நலியும், திரவமும் வற்றும். அந்த நிலையில் 230 வோல்ற்றில் நேரே செருகினால் கசிவோட்டம் பெருகி, கொள்ளளவி சூடேறி வீங்கும், சிலவேளை வெடிக்கும்.

ஆகவே பழைய செற்றைப் பரணிலிருந்து இறக்கியதும் செருகியைத் தேடாதீர்கள்; திருப்புளியைத் தேடுங்கள்.

மூடியைக் கழற்றியதும்

தூசும் கரப்பான் எச்சமும் பல்லி முட்டையும் கிடக்கும். மென்தூரிகையால் அகற்றுங்கள். வீங்கிய கொள்ளளவி, கருகிய தடையி, எரிந்த உருகி ஏதும் உண்டா என்று பாருங்கள். உருகி எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடவேண்டும். கம்பியைச் சுற்றிவிடுவது வீட்டையே எரிக்கும் வேலை.

பின்புறம் வோல்ற்றளவு தெரிவு ஆளி இருந்தால் அது 220 அல்லது 240 இல் நிற்கவேண்டும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த செற் 100 வோல்ற்றுக்கு உரியது. நம் மின்னில் செருகினால் நிலைமாற்றி தாங்காது. அதன் பண்பலை அளவுகோலும் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் என்பதால் இங்குள்ள நிலையங்களிற் பெரும்பாலானவை அதில் அகப்படா.

அடுத்தது தொடர் மின்குமிழ். 100 வாற்று இழைக் குமிழொன்றை மின்கம்பியில் தொடராக இணைத்து, அதன் வழியே செற்றுக்கு மின் கொடுக்கவேண்டும்; எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று: வலுத் திரான்சிற்றரோ, இருவாயியோ, கொள்ளளவியோ போய்விட்டது. அப்போது எரிவது குமிழ் மட்டும்தான், செற் தப்பும்.

எச்சரிக்கை இரண்டு. செருகி மாட்டியிருந்தால், ஆளியை நிறுத்தினாலும் உருகிப் பக்கம் 230 வோல்ற் இருக்கும். செருகியைக் கழற்றியபின்னும் பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கும். 100 ஓம், 10 வாற்றுத் தடையியால் அதை வடித்து, பல்மானியால் பார்த்த பிறகே கை வைக்கவேண்டும்.

குறி சொல்லும் சத்தங்கள்

நல்ல றிசீவர் பலவற்றில், ஆளி போட்டுச் சில வினாடிகளில் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். பாதுகாப்பு றிலே ஸ்பீக்கரை இணைக்கும் ஓசை அது. கேட்காவிட்டால் வெளியீட்டில் நேரோட்டம் வருகிறது என்று ஐயப்படலாம். றிலேக்கு முன்னால் அளந்தால் சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் இருக்கவேண்டும். பல வோல்ற் காட்டினால் திரான்சிற்றர் போய்விட்டது. றிலேயைத் தாண்டிக் கம்பி கொடுத்தால் ஸ்பீக்கர்ச் சுருள் கருகும்.

ஒலித் திருகியைக் குறைத்தாலும் மாறாத இரைச்சல் என்றால் கோளாறு பெரும்பாலும் மின்வழங்கியில். 50 ஹேர்ட்ஸ் மின் முழுஅலையாகச் சீராக்கப்படும்போது அலைவு 100 ஹேர்ட்ஸ் ஆகும். வற்றிய கொள்ளளவியால் அதை மட்டுப்படுத்த இயலாது. திருகியோடு இரைச்சலும் கூடிக் குறைந்தால் தவறு திருகிக்கு முன்னால். திருப்பும்போது கரகரப்பு வந்தால் உப்புக்காற்றும் தூசும் தொடுகையில் படிந்திருக்கின்றன. மின்தொடுகைக்கென்றே விற்கும் துப்புரவுத் தெளிப்பை விட்டு, முனைக்கு முனை பலமுறை சுழற்றினால் போதும். எண்ணெய் விடக்கூடாது.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையா? இடது, வலது ஸ்பீக்கர்களை மாற்றிப் பாருங்கள். ஊமைப் பக்கமும் ஸ்பீக்கரோடு மாறினால் செற் நல்லது. இரண்டுமே ஊமையென்றால் ‘ரேப் மொனிற்றர்’ பொத்தானைப் பாருங்கள். அது அமுங்கியிருந்தால், இல்லாத கசெற் இயந்திரத்தின் ஒலிக்காகச் செற் காத்திருக்கும். நிலையத்தைக் காட்டும் ஊசி நகராவிட்டால், சில்லுகளில் சுற்றிய நூல் அறுந்திருக்கும்.

கொள்ளளவி மாற்றும்போது மைக்ரோபரட் அதே அளவில், வோல்ற் அதே அளவிலோ கூடவோ இருக்கட்டும். உறையில் கோடு போட்ட பக்கம் மறை முனை. மாறிப் போட்டால் வெடிக்கும். 85 பாகைக்குப் பதில் 105 பாகைச் சதமளவு தாங்குவதை வாங்குங்கள். வெப்பம் 10 பாகை குறைந்தால் கொள்ளளவியின் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொது விதி. அதனால்தான் காற்றுத் துவாரங்களை மூடும் பூவேலைத் துணியும் செற்றுக்குப் பகை.

திருத்திய செற்றை மீண்டும் காட்சிப்பொருளாக்க வேண்டாம். மாதத்தில் ஓரிரு முறை, அரைமணி நேரமாவது பாட விடுங்கள். ஒட்சைட்டுப் படை தன்னைச் செப்பனிட்டுக்கொள்வதும், திருகிகளும் ஆளிகளும் தம் தொடுகையைத் துடைத்துக்கொள்வதும் ஓட்டத்தில்தான்.