நெடுஞ்சாலை ஆய்வும் கணிப்பொறி வரைபடமும்

விளைபொருள் சந்தைக்கு விரைவில் போய்ச் சேரவும், நோயாளி உரிய காலத்தில் மருத்துவமனையை அடையவும் நல்ல சாலைகள் இன்றியமையாதவை என்பதை யாவரும் அறிவோம். ஆயினும், சாலை செல்லும் வழியில் ஏரிகளும் வாய்க்கால்களும் கிணறுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நேரக்கூடிய தீங்கை முன்னரே அறிந்து தவிர்ப்பதற்காகவே சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தப்படுகிறது. மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14-ஆம் தேதிய அறிவிக்கை இதற்குரிய முறைகளை வகுத்துள்ளது.

கருவிகள் செய்யும் பணி

இந்நாளில் இவ்வாய்வுக்குச் செயற்கைக்கோள் படங்களும், டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானங்களும், கணிப்பொறி வரைபடங்களும் துணைபுரிகின்றன. காடு, நீர்நிலை, குடியிருப்பு, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கின்றனர். சாலைக்கு இரண்டு மூன்று வழிகள் இருப்பின், எவ்வழியில் சேதம் குறைவு என்பதை இதனால் எளிதில் ஒப்பிடலாம்.

கருவிகளுக்குப் புலப்படாதவை

எனினும், இக்கருவிகளுக்கும் எல்லை உண்டு. இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயர வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 30 மீட்டர் சதுரமுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயர அளவே குறிக்கப்படுகிறது. ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 22 சென்ட் நிலமாகும். இரண்டு மீட்டர் அகலமுள்ள வரத்துக் கால்வாய் அதற்குள் மறைந்துவிடும். கோடையில் எடுத்த படத்திலோ, வறண்ட ஏரி தரிசு நிலம்போல் தோன்றக்கூடும்.

கால்வாய் கணக்கில் விடுபட்டால், அவ்விடத்தில் சிறுபாலமும் விடுபடும். உயர்த்திக் கட்டிய சாலை அணைபோல் நின்று நீரை மறிக்கும். மேற்புறத்து வயல்கள் மூழ்கும். கீழ்ப்புறத்து ஏரி நிரம்பாது. சாலை முடிந்தபின் இக்குறையைச் சரிசெய்தல் கடினம்.

பஞ்சாயத்தின் கடமை

இக்குறையை நிரப்ப வல்லவர்கள் ஊர்மக்களே. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரப்படவேண்டும். வரைவு அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் அளிக்கப்பட வேண்டும். அந்நாட்களில் உறுப்பினர்கள் செய்யத்தக்கவை:

1. அறிக்கையிலுள்ள வரைபடத்தைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட ஏரி, குளம், ஓடை, கிணறு ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் குறித்தல்.

2. அவ்விடங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, இடக்குறியீட்டையும் தேதியையும் பதிந்து வைத்தல். மழைக்காலத்தில் நீர் ஓடும்போது எடுத்த படம் மிகுந்த பயன் தரும்.

3. இவ்விவரங்களைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டத்தில் எழுத்து மூலமாக அளித்தல்.

கூட்ட நடவடிக்கைகள் முழுவதும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றின் குறிப்பு சம்பந்தப்பட்ட பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும். நம் கருத்து அதில் உள்ளவாறே இடம்பெற்றிருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது அவசியம். 2018-இல் தொடங்கப்பட்ட ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பத்தையும் அனுமதி ஆணையையும் காணலாம். இணையப் பழக்கமுள்ள இளைஞர்களின் உதவியை இதற்குப் பெறலாம்.

அனுமதி கிடைத்த பின்னரும் ஆறு திங்களுக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அளிக்கப்படவேண்டும். ஆணையில் கூறிய சிறுபாலங்கள் உரிய இடத்தில் அமைகின்றனவா என்பதைப் பணி நடக்கும்போதே கவனித்து, குறை காணின் உடனே எழுதித் தெரிவிக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.