மேற்கோள் கணக்கில் அடங்காத ஐந்து பக்கங்கள்

ஓர் ஆய்வாளரை எடைபோட இன்று முதலில் பார்க்கப்படுபவை இரண்டு எண்கள்: அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டியது எத்தனை முறை. மூலக்கூறு உயிரியலில் இந்தக் கணக்கு எங்கே பலிக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனைவிட நல்ல சான்று கிடையாது.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்ற ராமச்சந்திரன், 1952-இல் சென்னையில் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அங்கு வந்திருந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால் சொன்னது அவரைத் தூண்டியது. தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாதிரிகள் தந்து உதவியது. கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்ரே படம் தெளிவாக விழுந்தது. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பை ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இழைகள் நெருங்கும் நடுவிடம் மிகக் குறுகல் என்பதால், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினே அமர முடியும்.

அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்பு எழுதினார்கள். மூவிழை சரி, ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்பது அவர்கள் வாதம். மறுத்து எழுதினாலும் மேற்கோள் மேற்கோள்தான்; கணக்கில் ஒன்று கூடும். ராமச்சந்திரனுக்கோ அந்த மறுப்பு அடுத்த வேலையைக் கொடுத்தது. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து அந்தக் குறைந்தபட்சத் தூரங்களைத் திரட்டினார். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் ஃபை, சை என்ற இரு கோணங்களில் திரும்பும். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து, மைனஸ் 180 முதல் 180 பாகை வரை கட்டம் போட்டு, அணுக்கள் இடித்துக்கொள்ளும் கோணங்களை எல்லாம் தள்ளினால் மிஞ்சுவது சில சிறு திட்டுகளே. இதுதான் ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’ இதழில் ஐந்தே பக்கங்களில் வந்தது.

யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் வெளிவரத் தொடங்கியது. எந்தக் கட்டுரையை யார் எடுத்தாண்டார் என்று தேடிப் பார்க்க வழி பிறந்தது. ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீடு இன்னொரு அளவு. குறைந்தது இருபது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் இருபது இருந்தால் குறியீடு 20. ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்ற அந்த ஐந்து பக்கக் கட்டுரையும் இக்குறியீட்டில் ஒரே ஒரு கட்டுரைதான். பணி நியமனங்களில் இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது உறைப்பதில்லை.

உலகிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது ஆலிவர் லவ்ரி 1951-இல் எழுதிய, கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் செய்முறை. மூன்று லட்சம் முறைக்கு மேல். புதிய உண்மை எதையும் கண்டு சொன்ன கட்டுரையல்ல அது; ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் தேவைப்படுவது. ராமச்சந்திரன் வரைபடமும் அன்றாடக் கருவிதான் என்றாலும் அதன் கதி வேறு. பாடப்புத்தகத்தில் ஏறியதும் மூலக் கட்டுரையைக் குறிப்பிடும் வழக்கம் தேய்ந்தது. புரத அமைப்பின் தரத்தை இந்த வரைபடத்தைக் கொண்டு சோதிக்கும் ‘புரோசெக்’ மென்பொருள் 1993-இல் வந்தபின், பலர் மென்பொருளின் கட்டுரையையே மேற்கோள் காட்டினார்கள். இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் சேரும் ஒவ்வொரு புரதத்தின் சோதனை அறிக்கையிலும், எத்தனை விழுக்காடு கண்ணிகள் ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே விழுந்தன என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது.

ராமச்சந்திரன் பெற்ற மேற்கோள்களில் ஒரு பகுதி உயிரியலுக்கு வெளியிலிருந்து வருவது. 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு எழுதிய கட்டுரை, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்டுருவாக்கும் சுருக்கமான கணித வழியைத் தந்தது. லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்தக் கட்டுரையை எடுத்தாள்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் படவியல்காரர்கள்.