மூன்று சாட்சிகள், முப்பது நாட்கள்

தனி மனிதனை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது இந்திய அரசியல் சட்டம். அந்த மனிதன் தன் விருப்பப்படி மணம் முடிக்க வரும்போது மட்டும் அவனை ஊர் முன்னால் நிறுத்திவைக்கிறது இன்னொரு சட்டம்.

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மதம் மாறாமல் மணந்துகொள்ள டெல்லியில் பொதுவாக உள்ள வழி ஒன்றுதான்: 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது ஒரு பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டைக் கட்டணமில்லாமல் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அறிவிப்பின் நகல் ஒன்று அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டப்படும். பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம். ஆட்சேபம் வந்தால் விசாரணை, அதற்கு மேலும் 30 நாள் வரை ஆகலாம்.

சாதியோ மதமோ பெற்றோரின் கோபமோ ஆட்சேபத்துக்குக் காரணமாக முடியாது. வயது, ஏற்கனவே மணமானவரா, மனநிலை, தடை செய்யப்பட்ட உறவா என்ற நான்கு விஷயங்கள்தான் கணக்கில் வரும். ஏமாற்றுத் திருமணத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள் இதை ஆதரிப்பவர்கள். ஆனால் இதே போன்ற நிபந்தனைகள் 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் உண்டு. அங்கே முன்னறிவிப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஊர் பார்த்து நடத்தி வைக்கும் கல்யாணத்தைச் சட்டம் நம்புகிறது. இருவர் தாங்களாக முடிவு செய்த கல்யாணத்தை ஒரு மாதம் வெயிலில் காயப் போடுகிறது.

அலகு எது?

தனி மனிதனா, சமூகமா என்ற கேள்வி டெல்லிக்குப் புதிதல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், அது கிராமத்தை விட்டுவிட்டுத் தனி மனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் தேங்கிக் கிடக்கும் இடம் என்பது அவர் கருத்து. காந்தியவாதிகள் கொதித்தார்கள். அதே மாதம் 22-ம் தேதி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தின் கே. சந்தானம். இன்றைய 40-வது பிரிவு அதுதான். தனி மனிதனுக்கு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கக்கூடிய அடிப்படை உரிமை. கிராமத்துக்கோ வழிகாட்டும் நெறிகளில் ஓர் இடம். சபை கண்ட சமரசம் இது.

எல்லா ஆசிய நாடுகளும் இப்படி முடிவெடுக்கவில்லை. 1991-ல் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட 'பொது விழுமியங்கள்' பற்றிய வெள்ளை அறிக்கை, சமுதாயத்தின் அடிப்படை அலகு குடும்பமே என்றது. மேற்கின் தனிமனித வாதம் கிழக்குக்குப் பொருந்தாது என்று லீ குவான் யூ வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆசியா முழுவதற்கும் ஒரே குரல் கிடையாது, இங்கும் மாற்றுக் கருத்தும் சகிப்பும் நெடுங்காலமாக உண்டு என்று பதில் சொன்னார் அமர்த்தியா சென்.

மேற்கு என்றால் தனி மனிதன், கிழக்கு என்றால் கூட்டம் என்ற பாகுபாட்டுக்கு ஏட்டறிவின் பலமும் உண்டு. அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டில் விளைந்தது. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். 1966-ல் வெளியான தன் நூலில், இந்தியச் சமூகத்தில் முழுமைதான் முதன்மை, தனி மனிதன் அதன் உறுப்பு மட்டுமே என்று வாதிட்டார். தனி மனிதனாக இங்கே நிற்க முடிந்தவர் உலகைத் துறந்த சந்நியாசிதான் என்பது அவர் முடிவு.

அளவுகோலை எடுத்தால் படம் அவ்வளவு சுத்தமாக இல்லை. ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் பல நாடுகளில் திரட்டிய பதில்களை வைத்து டச்சு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் வெளியிட்ட தனிமனிதவாதப் பட்டியலில் அமெரிக்காவுக்கு 91, குவாத்தமாலாவுக்கு 6. இந்தியாவுக்கு 48. நடுவில் நிற்கிறோம், ஜப்பானுக்கு (46) ஒரு படி மேலே.

கூட்டம் கொடுப்பது

கூட்டத்தைக் குறை சொல்வது எளிது. கூட்டம் இல்லாமல் டெல்லியில் பிழைப்பது எளிதல்ல என்பது இங்கே வந்து சேர்ந்த தமிழர்களுக்குத் தெரியும். ரயிலில் வந்து இறங்கிய குமாஸ்தாவுக்கு வாடகைக்கு அறை பிடித்துக் கொடுத்தது ஊர்க்காரர். பேச்சுத் துணைக்கு 1946-ல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம். பிள்ளைகள் தமிழ் படிக்கத் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள். கும்பிட ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டார்கள். நகரம் அவர்களுக்குக் கொடுத்தது கூலி மட்டும்தான்; அது நின்ற அன்று, போய்ச் சேர ஒரு கிராமம் இருந்தது.

அந்தத் துணையை இழந்த நாடுகள் இன்று அதை அரசாங்கத்திடம் கேட்கின்றன. தனிமைக்கென்று பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் ஓர் அமைச்சரையே நியமித்தன.

ஆனால் அறை பிடித்துக் கொடுக்கும் அதே கூட்டம், யாரை மணக்கலாம் என்பதையும் தானே முடிவு செய்ய நினைக்கிறது. சுமார் 30,000 பேரிடம் பியூ ஆய்வு மையம் 2019-20-ல் விசாரித்தபோது, தங்கள் சமயப் பெண்கள் வேறு மதத்தில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றார்கள் இந்துக்களில் 67 சதவீதம் பேர், முஸ்லிம்களில் 80 சதவீதம் பேர். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒற்றுமை. இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி 2011-12-ல் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதமே.

மீறியவர்களுக்கு விதித்த விலை ரத்தம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், கடைத்தெருவில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2018 பிப்ரவரியில் மேற்கு டெல்லியின் க்யாலாவில் 23 வயது இந்துப் புகைப்படக்காரர் நடுத்தெருவில் கழுத்தறுக்கப்பட்டார்; காதலித்தது முஸ்லிம் பெண்ணை. பெண்ணின் பெற்றோருக்கும் தாய்மாமனுக்கும் 2024-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலையான அடுத்த சில நாட்களிலேயே, இதை மதச் சண்டையாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார் இறந்தவரின் தந்தை. அந்த ரமலானில் அக்கம்பக்கத்தாரை அழைத்து இஃப்தார் விருந்தும் கொடுத்தார். அவரும் கூட்டத்துக்குள்ளேயே இருப்பவர்தான். ஆனால் கூட்டம் எதிர்பார்த்ததைச் செய்ய மறுத்தவர்.

மதத்தை விட்டால் மணம்

முப்பது நாள் விதியை இந்த ரத்தத்தின் பின்னணியில் படிக்க வேண்டும். அதன் வேர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கிறது. வழக்கத்துக்கு வெளியே மணக்க விரும்பும் இந்தியர்களுக்கு 1868-ல் ஒரு பொதுச் சட்டம் முன்மொழிந்தார் சட்ட உறுப்பினர் ஹென்றி மெய்ன். எதிர்ப்பு கிளம்பியது. கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தினர் கேட்டுப் போராடியதன் பலனாக 1872-ல் வந்த சட்டமோ ஒரு நிபந்தனை விதித்தது. நான் இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ இல்லை என்று வரிசையாகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். தனி மனிதனாக மணக்கலாம், பிறந்த சமூகத்தைக் கைகழுவினால். ஹரி சிங் கௌரின் முயற்சியால் 1923-ல் இந்துக்கள், சீக்கியர்கள், சமணர்கள், பௌத்தர்களுக்கு இது தளர்ந்தது. 1954-ல் முற்றிலும் நீங்கியது. ஆனால் தடம் முழுசாக அழியவில்லை. இச்சட்டப்படி வேற்று மதத்தவரை மணக்கும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகவே 19-வது பிரிவு இன்றும் கருதுகிறது. இருவருமே இந்துக்கள் என்றால் 1976 திருத்தப்படி அந்தப் பிரிவு பொருந்தாது.

இங்கிலாந்திலும் பதிவுத் திருமணத்துக்கு 28 நாள் அறிவிப்பு உண்டு. அங்கேயும் அது பார்வைக்கு வைக்கப்படுகிறது. காகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் படித்துவிட்டு உறவினர்கள் ஜீப்பில் ஏறிக் கிளம்புகிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

டெல்லியில் திருமண அலுவலர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அறிவிப்பை மணமக்களின் வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் அப்படி எங்கும் சொல்லவில்லை. 2009 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் அதை நிறுத்தினார். திருமணத்தையே கெடுக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும் என்றார். டெல்லியின் சக்தி வாஹினி அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்றது. மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமைக்கச் சொன்னது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பதை மணமக்களின் விருப்பத்துக்கு விட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் விதி அப்படியே நிற்கிறது. காத்திருக்க அஞ்சுபவர்களுக்கு எஞ்சுவது மதமாற்றம். அதற்கும் உத்தரப் பிரதேசத்தில் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு.

யார் அந்த நாலு பேர்?

வழி எங்கே என்று தேடினால், ஒரு விடை தமிழ்நாட்டில் இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. புரோகிதரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி நிற்கும் ஜோடியிடம் ஊரறியச் சொல் என்று கேட்பது உயிரோடு விளையாடுவதாகும். அந்த அமர்விலும் இருந்தவர் அதே ரவீந்திர பட்.

இந்தத் திருத்தம் சமூகத்தை வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாராவது முன்னிலையில் இருந்தே ஆக வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டமும் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. அவர்கள் மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்பவர், அறைத்தோழி, பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். டெல்லியில் வீட்டை எதிர்த்து மணப்பவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது இவர்கள்தான். பின்னால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணை இருக்கப் போவதும் அநேகமாக இவர்களே.

ஆக, சட்டம் ஒரே திருமணத்துக்கு இரண்டு விதமான சமூகத்தை அழைக்கிறது. ஒன்று, அறிவிப்புப் பலகையைப் படிக்க வரும் முகம் தெரியாத ஊர். இன்னொன்று, மணமக்கள் தாங்களே கூட்டி வரும் மூன்று பேர். முன்னதை விலக்கினால் குடும்பம் குலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் பின்னதை எண்ணிப் பார்ப்பதில்லை. முப்பது நாளை எடுத்துவிட்டாலும் அந்த மூன்று பேர் இருப்பார்கள்.